பழகிய கடை மூடிவிட்டதா? புதுக் கடை பிடிக்கச் சில குறிப்புகள்

எங்கள் தெருமுனையில் பதினோரு வருடமாக இருந்த சூப்பர் மார்க்கெட் போன வருடம் ஆடி மாதத்தில் மூடப்பட்டது. சென்னையில் ஏழெட்டுக் கிளைகள் வைத்திருந்த நிறுவனம். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மாதத்தில் பூட்டு. கடைசி வாரம் நான் போனபோது பருப்பு அடுக்கு முழுக்கக் காலியாக இருந்தது. மேல்தட்டில் சோயா சாஸ் பாட்டில்களும் ரூம் ஸ்ப்ரே டப்பாக்களும் மட்டும் வரிசை கலையாமல் நின்றன. பில் போடும் பெண், "வெள்ளிக்கிழமையோட சரிக்கா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முட்டையை என் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுத்தார்.

சென்னைக்காரர்கள் இதை முன்பும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் திருவான்மியூரில் ஒரே கடையாக ஆரம்பித்த சுபிக்ஷா, நாடு முழுக்க 1,600 கடைகள் வரை வளர்ந்து, 2009 தொடக்கத்தில் மொத்தமாக நின்றுபோனது. 2022இல் பிக் பஜார் பலகைகள் இறங்கின. ஒவ்வொரு முறையும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இனிமே மாசச் சாமான் எங்க வாங்குறது?" என்பதுதான். போன கடைக்கு ஈடாக அதே மாதிரி இன்னொரு கடையைத் தேடித்தான் நானும் முதல் மாதம் அலைந்தேன். அது வீண். நம் வீட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதது எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குவதுதான் வழி. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

1. மூடப் போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே, அந்தக் கடையில் உங்களுக்கு வரவேண்டிய பாக்கி என்ன என்று பாருங்கள். உறுப்பினர் அட்டையில் சேர்ந்திருக்கும் புள்ளிகள், பரிசுக் கூப்பன், கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த கிஃப்ட் கார்டு, தண்ணீர் கேனுக்குக் கட்டிய முன்பணம் எல்லாவற்றையும் கடை திறந்திருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும். தீபாவளிச் சீட்டு கட்டியிருந்தால் அதுதான் முதல் வேலை. கட்டிய ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் நேரில் கேளுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மிக்ஸி, குக்கர் மாதிரி ஏதாவது அங்கே வாங்கியிருந்தால் அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தயாரிப்பாளர் கொடுத்த வாரண்டி, விற்ற கடை மூடியதால் போய்விடாது. ஆனால் வாங்கிய தேதியைக் காட்ட பில் வேண்டும்.

2. கடைசி நாள் தள்ளுபடியில் கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளாதீர்கள். துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, உப்பு, துடைப்பம், குப்பைப் பை ஆகியவற்றை வாங்கி வைக்கலாம், கெடாது. எண்ணெய், மசாலாப் பொடி, பிஸ்கட், சத்துமாவு இவற்றில் தேதியைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கும் தயிர், சீஸ், பனீர் பக்கமே போக வேண்டாம். மூடும் வாரத்தில் குளிர்பெட்டிகளைச் சரியாக ஓட்டுகிறார்களா என்று நமக்குத் தெரியாது. உறைய வைத்த பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கினால் மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

3. பழைய பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று மாத பில் இருந்தால் போதும், உங்கள் அடுக்களையின் ஜாதகமே அதில் இருக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினேன். துவரம் பருப்பு இரண்டரைக் கிலோ, உளுந்து இரண்டு கிலோ, கடலைப் பருப்பு அரைக் கிலோ, நல்லெண்ணெய் ஒரு லிட்டர், சீரகம் 150 கிராம். எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, மாதா மாதம் நாங்கள் வாங்கிய பொருள்களில் கால்வாசி வீட்டுக்குத் தேவையில்லாதவை. கடை அடுக்கில் கண்ணில் பட்டதால் கூடையில் விழுந்தவை. புதுக் கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்த நோட்டுதான். பில்லில் எழுத்து அழிந்திருந்தால் கவலை வேண்டாம். ஒரு மாதம் எந்த டப்பா எந்தத் தேதியில் காலியானது என்று நாள்காட்டியில் குறித்துவந்தாலே கணக்கு கிடைத்துவிடும்.

4. அந்தப் பட்டியலை நாலாகப் பிரியுங்கள். தினம் வேண்டியவை: பால், தயிர், கறிவேப்பிலை, கொத்தமல்லி. வாரம் வேண்டியவை: காய், பழம், முட்டை. மாதம் வேண்டியவை: பருப்பு, எண்ணெய், சோப்பு. வருடத்துக்கு ஒரு முறை வாங்கத் தகுந்தவை: புளி, மிளகாய், மல்லி. தினம் வேண்டியது நடந்துபோகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். மாதம் ஒரு முறை வாங்குவதற்கு ஆட்டோ வைத்துப் போனாலும் பாதகமில்லை. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த வசதியில் இந்த வித்தியாசத்தையே நான் மறந்திருந்தேன்.

5. புதுக் கடையை முதலில் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவு ஏழு மணிக்கு ஒரு முறை. நடுவில் பெரிய சாலையைத் தாண்ட வேண்டுமா, வாசலில் எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். எனக்கு இதெல்லாம் முன்பு கண்ணில் படவே இல்லை. எங்கள் அடுக்குமாடியில் தரைத்தளத்தில் இருக்கும் எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மா மூடிய கடைக்குத் தினமும் தானே நடந்துபோய் ஒரு தயிர் பாக்கெட் வாங்கி வருவார். அடுத்த கடை இருப்பது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கடை மூடிய பத்தாம் நாள் அவர் என்னிடம், "நடக்கறதே நின்னு போச்சும்மா" என்றார். வயதானவர்களுக்குக் கடை என்பது சாமான் வாங்கும் இடம் மட்டுமில்லை. அன்றைய நடையும், அன்றைய நாலு வார்த்தைப் பேச்சும் அங்கேதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இரண்டு ரூபாய் கூடுதல் என்றாலும் அவர்கள் காலுக்கு எட்டுகிற கடை ஒன்றைக் கட்டாயம் பழக்கிக் கொடுங்கள்.

6. விலையை ஒப்பிட, பலகையில் இருக்கும் தள்ளுபடியைப் பார்க்காதீர்கள். உங்கள் நோட்டிலிருந்து பத்துப் பொருளை எடுத்துக்கொண்டு, அந்தப் பத்துக்கும் மூன்று கடைகளில் விலை குறித்து வாருங்கள். ஒரு கடையில் சர்க்கரையும் எண்ணெயும் மலிவாக இருக்கும், அதைப் பெரிதாக எழுதியும் வைத்திருப்பார்கள். பாசிப் பருப்பிலும் மிளகிலும் அந்தக் காசைத் திரும்ப எடுத்திருப்பார்கள். பத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

7. எடை மாறும்போது விலை ஏமாற்றும். 450 கிராம், 850 மில்லி, 910 கிராம் என்று பாக்கெட்டுகள் வருகின்றன. இப்போது பல பாக்கெட்டுகளில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் தேடிப் படியுங்கள். அரிசியில் இன்னும் கவனம் வேண்டும். 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புப் பொட்டலங்களுக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகு 26 கிலோ மூட்டை நிறையப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26. "மூட்டை என்ன விலை?" என்று கேட்காமல், "கிலோ என்ன விலை விழுது?" என்று கேளுங்கள்.

8. எந்தக் கடையாக இருந்தாலும் முதல் முறை கால் கிலோதான். இந்த ஒரு விதியை மீறி நான் நஷ்டப்பட்டிருக்கிறேன். பெரிய கடை ஒன்றில் பளபளவென்று இருந்த துவரம் பருப்பை ஐந்து கிலோ வாங்கி வந்தேன். குக்கரில் ஆறு விசில் விட்டும் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நின்றது. மத்து போட்டுக் கடைந்தும் மசியவில்லை. அந்த ஐந்து கிலோவையும் அடைக்கும் பருப்பு உசிலிக்கும் போட்டுத் தீர்க்க நாலு மாதம் ஆனது.

அதன் பிறகு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"துவரம் பருப்பு கால் கிலோ மட்டும் குடுங்க அண்ணாச்சி."

"கால் கிலோ எதுக்கும்மா? ஊருக்குப் போறீயளா?"

"இல்ல, வேக வச்சுப் பாத்துட்டு வர்றேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்துட்டு வாங்க. வேகலைன்னா இங்கயே கொண்டாங்க, மாத்தித் தாரேன்" என்று சொல்லி, ஒரு கைப்பிடி கூடவே அள்ளிப் போட்டார்.

வேக வைத்துப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய பருப்பு வேகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போர்வெல் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் நல்ல பருப்புகூட வேக மறுக்கும். அதனால் ஒரு டம்ளர் பருப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குழாய்த் தண்ணீரிலும் மறு பாதியைக் குடிக்கும் தண்ணீரிலும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து ஒரே குக்கரில் ஏற்றுங்கள். இரண்டும் வேகவில்லை என்றால் குற்றம் பருப்பில். ஒன்று மட்டும் வெந்தால் குற்றம் தண்ணீரில், கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

9. உளுந்துக்குச் சோதனை கிரைண்டரில். ஒரு டம்ளர் முழு உளுந்தை ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரையுங்கள். நல்ல உளுந்தாக இருந்தால் மாவு பந்துபோல மேலே எழும்பி வரும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். மூழ்கினால் உளுந்து பழசாக இருக்கலாம், அரைத்தது போதாமலும் இருக்கலாம். இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒரே அளவு மணிகளாக, பொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

10. அரிசி: பழையதா புதியதா என்று கேட்டு வாங்குங்கள். புது அரிசி குழைந்துவிடும், ஒட்டும். பழைய அரிசிக்குத் தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும், சாதம் உதிரியாக நிறையக் காணும். நல்ல அரிசிக் கடையில் மூட்டை வாங்குவதற்கு முன் அரைக் கிலோ மாதிரி கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு, இட்லிக்கு என்று இரண்டையும் தனியாக வாங்கிச் சோதிக்க வேண்டும். மூட்டையைப் பிரித்த அன்றே நாலு பிடி காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைத்தால் வண்டு அண்டாது.

11. அண்ணாச்சி கடையைச் சின்னக் கடை என்று தள்ளிவிடாதீர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஆளில்லாத புறநகரில் முதல் கடையைத் திறந்தவர்கள் அவர்களே. சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு நாங்கள்தான் போகாமல் இருந்தோம். பதினோரு வருடம் கழித்துப் போனபோது, "பிள்ளை இப்ப என்ன படிக்கான்?" என்று கேட்டார் அவர். மூன்று விஷயங்களை அவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளலாம். கணக்கு வைத்தால் எந்தத் தேதியில் தீர்ப்பது, பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க எவ்வளவு ரூபாய்க்கு வாங்க வேண்டும், நமக்கு மட்டும் வேண்டிய பொருளை வரவழைத்துத் தர முடியுமா. மூடிய கடையில் கிடைத்துவந்த ஒரு குறிப்பிட்ட பெருங்காயத்தைக் கேட்டேன். நாலாம் நாள் வாங்கி வைத்துவிட்டார். கணக்கு வைத்தால் நோட்டு இரண்டு இருக்க வேண்டும், அவரிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று. மாதக் கடைசியில் மனத்தாங்கல் வராது. இன்னொன்று, மே 5 வணிகர் தினம். அன்று பல கடைகள் அடைத்திருக்கும். முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

12. கூட்டுறவுக் கடைகளை எட்டிப் பாருங்கள். டியுசிஎஸ் என்று நாம் சொல்லும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது. நாட்டிலேயே மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவு அது. தேனாம்பேட்டையில் காமதேனு இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் சிந்தாமணியைச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமுதம் அங்காடிகளை நடத்துகிறது. பளபளப்பு இருக்காது, சில நாள் சில பொருள் இருக்காது. ஆனால் மளிகைச் சாமானில் விலை நியாயமாக இருக்கும். எனக்கு அந்தக் கடைகள் நிலைக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. நாம் போனால்தானே நிலைக்கும்.

13. ரேஷனை விட்டுக் கொடுக்க வேண்டாம். அரிசி அட்டைக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் என்ற விலை வெளிக் கடையில் கனவிலும் கிடையாது. மாதப் பட்டியலை எழுதும்போது ரேஷனில் கிடைப்பதைக் கழித்துவிட்டு மீதியை எழுதுங்கள். பாமாயில் பிடிக்காதவர்கள் அப்பளம் பொரிக்க வைத்துக்கொள்ளலாம்.

14. காய்கறிக்குச் சூப்பர் மார்க்கெட்டை நம்பி இருந்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. அது மூடிய பிறகுதான் பல்லாவரம் உழவர் சந்தைக்குப் போனேன். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விளைவித்தவர்களே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்கும் இடம். அன்றைய விலையை வாசல் பலகையில் எழுதிப் போட்டுவிடுவதால் பேரம் பேசும் பாடு இல்லை. விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் கீரை வாடியிருக்கும், நல்ல கத்திரிக்காய் போயிருக்கும். வெண்டைக்காய் விற்ற அம்மா ஒருவர் நான் நுனியை ஒடித்துப் பார்ப்பதைக் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடிக்காத கண்ணு, கேளு, சொல்றேன். நேத்து சாயங்காலம் பறிச்சது" என்றார். அதிலிருந்து அவரிடம் கேட்டே வாங்குகிறேன். ஒரு முறை, "இன்னிக்கு என்கிட்ட வாங்காத, முத்தல்" என்று அவரே திருப்பி அனுப்பினார்.

பக்கத்தில் உழவர் சந்தை இல்லாதவர்கள், கூட்டுறவுத் துறை சென்னையில் 2013இல் ஆரம்பித்த பண்ணை பசுமைக் கடை அருகில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வெங்காயம், தக்காளி விலை ஏறும் நாள்களில் அங்கே கொஞ்சம் குறைத்து விற்பார்கள்.

15. கோயம்பேடு தனி ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. நாலு வீடு சேர்ந்தால் ஆகும். எங்கள் அடுக்குமாடியில் ஐந்து வீட்டார் சேர்ந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய், பூண்டு மட்டும் அங்கே வாங்குகிறோம். கெடாத காய்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தக்காளியைப் பெட்டியாக வாங்கிப் பங்கு போட்டபோது அடியில் இருந்தவை யார் பங்கு என்ற பிரச்சினை வந்தது.

16. வருடச் சாமானுக்கு மாசி, பங்குனி, சித்திரைதான் மாதம். புதுப் புளி, புது மிளகாய், புது மல்லி, புதுத் துவரை எல்லாம் தை பிறந்த பிறகு ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வரத் தொடங்கும். அதோடு வெயிலும் சேர்ந்து வருவதால் காயவைத்து எடுத்துவைக்க வசதி. சென்னையில் இதற்கு இடம் பாரிமுனையில் கொத்தவால் சாவடியைச் சுற்றியுள்ள தெருக்கள். காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மளிகை மொத்தக் கடைகள் அங்கேயே இருக்கின்றன. வார நாளில் காலையில் போங்கள், பை இரண்டு கொண்டு போங்கள்.

மிளகாயைக் காம்போடு வைத்தால் நெடுநாள் இருக்கும். சாம்பாருக்கும் தாளிக்கவும் ராமநாதபுரம் முண்டு, பொடிக்கு நீட்டு மிளகாய் என்று நாங்கள் பிரித்து வாங்குகிறோம். மல்லியைக் கையில் தேய்த்தால் மணம் எழ வேண்டும். புளியைக் கொட்டை எடுத்ததாக வாங்கினால் கிலோ விலை கூடத் தெரியும், ஆனால் கொட்டையோடு வாங்கி எடைபோட்டுப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. உப்புத் தூவி ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வையுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. எதையும் வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் கொட்டாதீர்கள். நிழலில் ஆறவைத்துப் பிறகு மூடினால்தான் உள்ளே வேர்க்காது. துவரம் பருப்பில் கிலோவுக்கு அரை ஸ்பூன் விளக்கெண்ணெயைத் தடவி ஒரு வெயில் காட்டி வைத்தால் வண்டு வராது என்பது என் மாமியார் சொல்லிக்கொடுத்தது. இரண்டு வருடமாகச் செய்கிறேன், வரவில்லை.

17. பாலுக்கு ஆவின் மாத அட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்குச் சில்லறை விலையைவிடக் குறைவு. காலையில் கட்டாயம் கிடைக்கும்.

18. போன் செயலியில் ஆர்டர் செய்வது அவசரத்துக்கு நல்லது. ஆனால் டெலிவரி, கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்கான கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் சேர்வதையும் கூட்டித்தான் விலை பார்க்க வேண்டும். பொருள் வந்ததும் பில்லை வைத்துச் சரிபாருங்கள். பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். தேங்காய், முட்டை இரண்டையும் கொண்டுவந்த தம்பி கிளம்புவதற்குள் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

19. எடையில் சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி அதே தராசில் வைக்கச் சொல்லுங்கள். கவரோடு சேர்த்து ஒரு கிலோவுக்குச் சில கிராம் கூடக் காட்ட வேண்டும். கிலோவுக்குக் கணிசமாகக் கூடக் காட்டினால் தராசு சரியில்லை, நமக்குக் குறைவாகத்தான் சாமான் வருகிறது. தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கடையில் கண்ணுக்குத் தெரிய மாட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறுதான். கடையே கட்டிய பொட்டலமாக இருந்தாலும் அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், கட்டிய தேதி, எடை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

20. பழைய கடையில் மட்டுமே கிடைத்துவந்த பொருளை இழந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு அப்படி ஒரு வெங்காய வடகம் இருந்தது. பெரிய பெயர் ஒன்றும் இல்லை, வெள்ளைப் பொட்டலம், பச்சை எழுத்து. வீட்டில் கடைசிப் பாக்கெட் இருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்னால் தயாரிப்பவர் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. பொட்டலத்தில் அவை இருக்க வேண்டும் என்பது சட்டம். கூப்பிட்டேன். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று. எடுத்த அம்மாவின் குரல் தயங்கியது. "அந்தக் கடைக்குத்தான் மாசம் அறுபது கிலோ போட்டுக்கிட்டு இருந்தோம்மா. நீங்க எங்க இருக்கீங்க? உங்க பக்கத்துல வேற கடை இருந்தா சொல்லுங்களேன்" என்று கேட்டார்.

ஒரு கடை மூடும்போது நாம் நம் வீட்டுச் சாமானை நினைக்கிறோம். அந்த அடுக்குகளை நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் வடகம், அப்பளம், இட்லி மாவு, முறுக்கு எல்லாம் அதே வாரம் நின்றுபோகிறது. நான் அவரது எண்ணை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் ஐந்து கிலோ எடுத்து வாசல் பக்கம் மாட்டினார். இப்போது மாதம் இருபது கிலோ போகிறது. உங்கள் வீட்டில் காலியான பாக்கெட்டுகளைக் குப்பையில் போடும் முன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

21. பை எடுத்துக்கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அண்ணாச்சி கடைக்குப் பருப்பு டப்பாவையே கொண்டுபோகலாம். வெறும் டப்பாவை முதலில் எடைபோட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

22. முதல் மூன்று மாதம் யாரிடமும் வருடக் கட்டணம், சந்தா, பெரிய தொகைக்கு முன்பணம் என்று எதையும் கட்டாதீர்கள். புதுக் கடை நன்றாகவே இருக்கலாம். மழைக்காலத்தில் கீரை எப்படி வருகிறது, பண்டிகை வாரத்தில் விலை ஏற்றுகிறார்களா, கெட்டுப்போன முட்டையைத் திருப்பிக் கொண்டுபோனால் முகம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

23. நீங்கள் கடைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் ஒரு குரல் கொடுங்கள். தரைத்தளப் பெரியம்மாவுக்கு நாங்கள் முதலில் தயிரும் காயும் வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அதில் சங்கடம். இப்போது வேறு ஏற்பாடு. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கீழே போய் நிற்பேன். அவர் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். மெயின் ரோட்டைத் தாண்டும்வரை என் கையைப் பிடித்திருப்பார், அந்தப் பக்கம் போனதும் விட்டுவிடுவார். அண்ணாச்சி கடையில் அவருக்காகவே ஒரு ஸ்டூலை வெளியே எடுத்துப் போடுகிறார்கள். உட்கார்ந்து சீட்டைப் பிரித்து அவரே வாசிப்பார். "மோர் மிளகாய் நூறு, சுக்கு ஐம்பது, ஒரு தயிர்."